பாங்குக்குப் பிறகு

கல்முனைக் கடற்கரையில், தறப்பாள் கூரைக்குக் கீழே, றம்ஸீன் தனியாகக் கிற்றார் வாசித்துப் பாடுகிறான். அவர்களுடைய றொக் இசைக்குழுவில் மற்ற இரண்டு பேர் கட்டாரில் வேலைக்குப் போய்விட்டார்கள். ட்றம் அடிக்கும் சுதர்சனின் சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கத்தான் இந்த மாலை நிகழ்ச்சி. இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்த கையில் பிளாஸ்டரோடு அவன் முன்வரிசைக் கதிரையில் சாய்ந்திருக்கிறான். மேடையில் அவனுடைய ட்றம் ஆளில்லாமல் நிற்கிறது. தறப்பாளின் ஓட்டைகள் வழியே இறங்கும் வெயில் அதன் பித்தளைத் தட்டுகளில் தண்ணீர்போல அசைகிறது. பாட்டின் நடுவில் பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கிறது. றம்ஸீன் உள்ளங்கையால் தந்திகளை மூடுகிறான். பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்கிறார்கள். ஒலிபெருக்கியின் மெல்லிய இரைச்சல் எது, அலை எது என்று தெரியவில்லை. பாங்கு முடிகிறது. றம்ஸீன் தொடங்காமல் நிற்கிறான். எந்த மேடையிலும் பாங்குக்குப் பிறகு குச்சிகளைத் தட்டிப் பாட்டை மீண்டும் எடுத்துக் கொடுப்பவன் சுதர்சன். அந்தப் பழக்கத்தில் றம்ஸீன் பின்னால் திரும்பி, ட்றமுக்குப் பின்னாலிருக்கும் வெறும் முக்காலியைப் பார்த்துத் தலையை அசைக்கிறான். அசைத்த பிறகுதான் அவன் முகம் மாறுகிறது.

“அங்க என்னடா பாக்காய்?” என்கிறான் சுதர்சன் கீழேயிருந்து. “நான் இஞ்ச இரிக்கன்.”

அவனுடைய விரல்கள் கதிரையின் கைப்பிடியில் தட்டத் தொடங்குகின்றன.