பக்கத்து சீட்

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று மூத்தவளுக்குப் பயம். வாயைத் திறந்தால் பொறாமைக்காரி என்பார்கள். திறக்காவிட்டாலோ வயிறு எரிந்தே சாம்பலாகிவிடும் போலிருந்தது.

விஷயம் இதுதான். அவள் வேலை செய்யும் பட்டறையில், தண்ணீருக்கு அடியில் ஓடுகிற கார் ஒன்று தயாராகியிருந்தது. விற்பனைக்கு இல்லை, கண்காட்சிக்கென்று செய்த ஒரே ஒரு கார். அதற்கு சீட் தைத்தவர்கள் மூத்தவளும் அவள் ஓரகத்தியான சின்னவளும். டிரைவர் சீட் சின்னவள் தைத்தது. பக்கத்து சீட்டும் அதன் பெல்ட்டும் மூத்தவளின் கைவேலை.

இன்று காரைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் இறக்கப் போகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்காரப் போவது சின்னவளாம்! காலையிலிருந்து கேமராக்காரர்கள் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"விரல்ல ஊசி குத்தினது எனக்கு. போட்டோ அவளுக்கா?" என்று பெயிண்டரிடம் பொருமினாள் மூத்தவள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய்க் கேளுங்க."

போனாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அவ என் கொழுந்தன் பொண்டாட்டிதான், நல்லவதான். ஆனா அந்தப் பக்கத்து சீட்டைத் தைச்சது அவ இல்ல. நான்."

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். "அவங்கதான் தைச்சதா சொன்னாங்களே!"

"சொல்லுவா சார். வீட்டுலயும் இதே கதைதான். சமையல் நான் செய்வேன், நல்ல பேரு அவளுக்குப் போகும்."

"அடடா! அப்ப நீங்கதான் உட்காரணும். வாங்கம்மா, வாங்க!"

மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள். கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

"இந்தாங்க, இந்தக் குழாயை வாயில கடிச்சுக்குங்க. மூச்சு விட."

"காருக்குள்ள மூச்சு விட எதுக்கு சார் குழாய்?"

"இதுக்கு மேல்மூடி கிடையாதும்மா. மூடியிருந்தா, ஆபத்து நேரத்துல தண்ணி அழுத்தத்துல கதவே திறக்காது. அதனால தலைக்கு மேல தண்ணி நிக்கும். பெல்ட் பிரிஞ்சா ஆள் மிதந்துடுவாங்க. அதான், ஓட்டறது டிரைவர்னாலும், பக்கத்து சீட்டுல அதைத் தைச்சவங்களே முதல்ல உட்காரணும்னு நம்ம பட்டறையில ஒரு வழக்கம் வச்சிருக்கோம். முந்தாநாள் எல்லாருக்கும் சொன்னேனே... ஓ, நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டீங்க இல்ல?"

மூத்தவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அதற்குள் சின்னவள் குறுக்கே வந்தாள். "சார், அக்கா சும்மா விளையாடறாங்க. தைச்சது நான்தான்."

பிறகு மூத்தவளின் காதோரம் குனிந்தாள். "ஏன்க்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கிறீங்க? தலைக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்கிட்டாலே மூச்சு முட்டுதுன்னு பாத்ரூம்ல நீங்க கத்தறது எனக்குக் கேக்காதா? அதான் அன்னிக்கே என் பேரைக் கொடுத்துட்டேன்."

"உனக்கு மட்டும் பயமில்லையாடி?"

"உதறுதுக்கா. ஆனா பெல்ட்டு நீங்க தைச்சதாச்சே. பிரியாது."



சூப்பர்வைசர் பொறுமை இழந்தார். "முடிவா சொல்லுங்கம்மா. யார் தைச்சது?"

எல்லோரும் மூத்தவளையே பார்த்தார்கள். அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அவதான் சார்," என்று குழாயைச் சின்னவள் கையில் திணித்தாள். "எனக்கு ஏது சார் அந்தக் கைத்திறமை!"