பதினாறுக்குக் கீழே

சின்னசேலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சுபைருக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. ஜெபீனா வந்து உட்கார்ந்துவிட்டாள். மாலை ரயிலில் அவள் ஊருக்குக் கிளம்புவதற்குள் அவளுடைய நிக்காஹ் வீடியோவைக் கொடுக்க வேண்டும். நிக்காஹ் முடிந்த வாரமே இறந்துபோன அவளுடைய அம்மா வேறு எந்த வீடியோவிலும் இல்லை.

புர்காக்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. டிவிக்கான வீடியோவில் கருப்பின் எண் பதினாறு; அதைவிடக் கருப்பு கிடையாது, எண் ஏற ஏற வெளுக்கும். டிவிக்கு மாற்றும் வேலையை அவன் தவறி இரண்டு முறை செய்ததில் அது முப்பதாகியிருந்தது. இறக்கினான். வரிசையில் எல்லாப் புர்காக்களும் பதினாறுக்கு வந்தன. ஓரத்து நாற்காலியில் இருந்த அம்மாவுடையது மட்டும் பூஜ்ஜியம் காட்டியது.

"இன்னாண்ணா, அம்மா மட்டும் இவ்ளோ கருப்பா கீறாங்க?"

"ஜாஸ்தி எறங்கிடுச்சும்மா. தோ, சரி பண்ணிட்றேன்."

அதை மட்டும் பதினாறுக்கு ஏற்றினான். நாற்காலி காலியாக இருந்தது.

"அண்ணா! அம்மா எங்க? முன்ன மாதிரியே வச்சிடுங்க!"

திரும்பப் பூஜ்ஜியமாக்கினான். நாற்காலி காலியாகவே இருந்தது. மூன்று முறை செய்து பார்த்தான். மானிட்டரை அணைத்தான்.

அணைந்த திரையின் ஓரத்தில், திரையைவிடக் கருப்பாக, அம்மா உட்கார்ந்திருந்தார்.

சுபைரின் விரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

"போடாதீங்கண்ணா" என்றாள் ஜெபீனா. தன் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரயில் கூவிவிட்டுப் போனது.