மொட்டை மேல் விழுந்த பழி

"வாங்குற பட்டனை அமுக்கினா வெள்ளையா ஒரு பக்கம் வருது! நான் செருப்பு விக்கிறேனா, வெள்ளைப் பேப்பர் விக்கிறேனா?"

ஸ்பீக்கர் போனில் செருப்புக்கடை முதலாளி போட்ட சத்தத்தில் மேனேஜர் அறையே அதிர்ந்தது.

அந்தக் கடையின் இணையதளம் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றியவள் அக்கா. வேலைக்குச் சேர்ந்ததில் கடைசி, வயதில் முதல் என்பதால் டீம் லீடருக்கே அவள் அக்காதான். வேலை நிரந்தரமாக இன்று மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் வேறு.

கோளாறு எங்கே என்று டீம் லீடர் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, 'எனக்கு இது வேணும்'னு புரோகிராம்ல எழுதி வெச்சா, ஃபிரேம்வொர்க்ங்கற அடிப்படை சாஃப்ட்வேர் தானா கொண்டு வந்து குடுக்கும். ஆனா பழைய ஜாவாக்ஸ் பேர்ல கேட்டா புது வெர்ஷன் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜகார்ட்டாங்கற புதுப் பேருக்கு மாத்தணும். எல்லா ஃபைல்லயும் மாத்தினீங்க, பில் போடற ஃபைலை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அதுல மேலேயே 'தொட்டால் கெட்டீர்கள்'னு போட்டிருந்துச்சுப்பா. எனக்கு எதுக்கு வம்புன்னு..."

"ஐயோ அக்கா! அது மொட்டை எழுதினது. அவன் டிபன் பாக்ஸ் மேலயும் அதைத்தான் எழுதி வெச்சிருந்தான்!"

மொட்டை என்பது பட்டப்பெயர்; இங்கே முன்பு வேலை பார்த்தவன். இந்த மாற்றமெல்லாம் தொடங்கும் முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

போனில் முதலாளி விடுவதாக இல்லை. "பண்ணது யாரு? அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்க. இல்லேன்னா நான் வேற கம்பெனி பார்த்துக்கறேன்!"

எதிரே நின்ற அக்கா மேனேஜர் முகத்தைப் பார்த்தாள்.

மேனேஜர் கொஞ்சமும் கூசவில்லை. "மொட்டைன்னு ஒரு பொறுப்பில்லாத பய சார். அவன் இப்ப எங்க கம்பெனியிலேயே இல்ல."

"அப்படிப் போடுங்க!" முதலாளி குளிர்ந்து போனார்.

பட்டன் சரியானது. கையெழுத்தும் விழுந்தது. ஆனால் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த அக்கா சாப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு என்னோடது. இல்லாத மனுஷன் தலையில பழியைப் போட்டீங்களே, நியாயமா? என் வேலை போனாலும் பரவால்ல, அந்த முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

மேனேஜர் சிரித்தார்.

"உக்காரும்மா. போற அன்னிக்கு அவனே சொன்னதுதான். 'இனிமே இங்க எது உடைஞ்சாலும் என் பேரைச் சொல்லுங்க சார். இருக்கிறவங்க பொழைச்சுக்கட்டும்'னான்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன் சார்!"

"தங்கம்தான். ஆனா சும்மா ஒண்ணும் இல்ல. அவன் புதுக் கம்பெனியில எதை உடைச்சாலும், 'பழைய மேனேஜர் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு'ன்னு என் தலையில போட்டுக்கலாம்னு நானும் வாக்குக் குடுத்திருக்கேனே!"