முள் சீத்தா

அரிசி டிரம்முக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விரலில் முள் பட்டது. குத்தாத முள்.

பெருவிரலால் அமுக்கினாள். உள்வாங்கியது.

நேற்றுக் காலை வரை கல்லாகத்தான் கிடந்தது.

கூடத்தில் அவள் புருஷனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். விடியும்போது அடங்கிப்போனவர். வாய்க்கரிசிக்கு அரிசி எங்கே என்று நாத்தனார் பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

அவள் கையை எடுக்கவில்லை.

அவருக்குக் குடலில் கட்டி என்று அறுத்தெடுத்த வருஷம், குற்றாலத்து நாற்றுப் பண்ணையில் அவள் வாங்கிவந்த முள் சீத்தாக் கன்று. அந்த நோய்க்கு நல்லதென்று யார் யாரோ சொன்னார்கள். அதை நம்பி ஊசியை நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தவில்லை. கன்றையும் விடவில்லை.

கடல் தாண்டி, அமெரிக்கப் பக்கத்து வெயில் காட்டிலிருந்து வந்த சாதி என்றார் பண்ணைக்காரர். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்காக ஒருத்தி புறப்பட்டு வந்திருக்கிறாளே என்று அவள் புருஷன் கேலி பேசினார். அன்றிலிருந்து அந்த மரத்துக்குச் சக்களத்தி என்று பேர்.

இலையைக் கசக்கினால் நெடி ஏறும். பூ தடித்த மஞ்சள். நுனிக்கிளையை விட்டுவிட்டு அடிமரத்திலேயே பூக்கும். பூத்துப் பூத்துக் கொட்டியது. நம் ஊர் வண்டுக்கு அந்தப் பூ பழக்கமில்லை போல. மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைக்க அவருடைய சவரப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். ஊசியில் முடியெல்லாம் கொட்டிய பிறகு அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு காய் நின்றது.

அதற்குள் நோய் திரும்பியிருந்தது.

கோணல் மாணலாக, கரும்பச்சையாக, கைக்குழந்தையின் தலை அளவு. நிறம் வெளிறி, முள்ளுக்கு முள் இடைவெளி விழும் வரை பொறுத்திருந்து பறித்தாள். மாங்காயைப் பழுக்க வைப்பதுபோல அரிசிக்குள் புதைத்தாள். காலையில் எழுந்ததும் அதைத்தான் அமுக்கிப் பார்ப்பாள். பிறகுதான் அடுப்பு.

முந்தாநாள் அவர் கேட்டார். குரல் பாதிதான் வந்தது.

"காயா இருந்தா என்ன? ஒரு கீத்து வெட்டித் தாயேன்."

பழமானால்தான் மருந்து என்றாள் அவள். கொஞ்சம் பொறுங்கள், முழுசும் உங்களுக்குத்தான் என்றாள்.

சக்களத்தி மேல் உனக்குப் பொறாமை என்றார். சிரிக்கப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

மயினி, நேரமாகுது என்றாள் பேச்சியம்மாள், வாசற்படியிலிருந்து.

விரல்கள் எப்போது பழத்துக்குள் இறங்கின என்று தெரியவில்லை. வெளியே எடுத்தபோது கையெல்லாம் சாறு. அரிசி மணி மணியாக ஒட்டியிருந்தது. புளிப்பும் இனிப்புமாக வாசம் கிளம்பியது.

அரிசியை வாங்கப் பேச்சியம்மாள் நீட்டிய சொளகை அவள் பார்க்கவில்லை. நேரே போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஈரக்கையோடு வாய்க்கரிசி போடக்கூடாது, கழுவிவிட்டு வா என்றார்கள்.

ஒட்டிய அரிசியோடு விரல்களை அவர் உதட்டில் வைத்தாள்.

குனிந்து, காதோரம் சொன்னாள்.

"பழுத்துட்டு."