முதல் துண்டு அக்காவுக்கு

"இந்தக் கரி உதவாதுக்கா. எவன் உன் தலையில கட்டுனான்?"

காஜா சாக்கை மொட்டைமாடித் தரையில் கவிழ்த்தான். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினான். நல்ல கரி கணீரென்று பேசும். இது மண்கட்டி மாதிரி மொத்தென்றது. ஈரம். போதாததற்குப் பாதி துண்டுகள் சரியாக வேகாத கட்டை. பற்றவைத்தால் தெருவே இருமும். கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருஷமாகக் கரிக்கடை வைத்திருப்பவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தர வேண்டும்?

"உன் கடைக்குத்தான் ஆள் அனுப்புனேன். பூட்டிக் கெடக்குதுன்னு வந்து சொல்றாங்க," என்றாள் அவனுடைய அக்கா பாத்திமுத்து. "பட்டப்பகல்ல கடையப் பூட்டிக்கினு எங்கடா போன?"

ஒரு வேலையாகப் போயிருந்ததாக காஜா முனகினான்.

மாடி நடுவில் புத்தம்புதுக் கம்பி அடுப்பு நின்றது. பாத்திமுத்துவின் ஒரே மகன் ஜாபர் போன வாரம் வாங்கி வந்தது. செல்போனில் பார்த்துப் பார்த்து, வீட்டிலேயே கோழி சுட்டுத் தின்ன வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தினை கொள்முதலுக்காக விடியற்காலையில் பைக்கில் வெள்ளிமலைக்குக் கிளம்பியவன், மசாலா தடவி வை, மத்தியானம் வந்து நானே சுட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை நம்பி இவள் சோறுகூட வடிக்கவில்லை. சாயங்கால அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லியாகிவிட்டது. இன்னும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சர்க்கரை வியாதிக்காரி. போன மாதம் இப்படித்தான் பட்டினி கிடந்து குளியலறையில் மயங்கி விழுந்தாள்.

எப்படியாவது அக்கா வயிற்றில் நாலு வாய் இறங்கிவிட வேண்டும். காஜாவின் மனசில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வரும்போதே பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தான். அவள் தொடவில்லை. புள்ளை வரட்டும் என்று ஒரே பிடிவாதம்.

கடைசியில் காஜா வேறு வழி பிடித்தான். "உப்பு ஒறைப்பு சரியான்னு பாக்காம புள்ளைக்குக் குடுப்பியா? மொதல் துண்ட நீ தின்னு பாத்துச் சொல்லு."

அதற்கு அவள் மசிந்தாள்.

குவியலைக் கிளறி, உலர்ந்ததாக நாலு கை கரி பொறுக்கினான். அடி வெட்டிய எண்ணெய் டின்னை அடுப்பில் நிறுத்தி, கீழே தேங்காய் நார், அதன்மேல் சட்டென்று பிடித்துக்கொள்ளும் கொட்டாங்குச்சிக் கரி, எல்லாவற்றுக்கும் மேலே பொறுக்கிய கரி என்று அடுக்கினான். மண்ணெண்ணெய் சொட்டுக்கூட விடவில்லை, கறியில் நாறும். மூன்று தீக்குச்சிகள் வீணாயின. கரிக்கடைக்காரன் லட்சணத்தைப் பார் என்று அக்கா சிரித்தாள்.

ஜாபருக்குப் போன் போடச் சொன்னாள். மலையில் டவர் கிடைக்காது என்று சொல்லி, அவளுடைய செல்லைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கீழே பூனை நுழையும் என்று தெருக்கதவையும் முன்பே தாழ் போட்டுவிட்டு வந்திருந்தான்.

கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. டின்னை இடுக்கியால் தூக்கிவிட்டுக் கனலைப் பரப்பிக் கோழித் துண்டுகளை வைத்தான்.

"பொகையே இல்லியேடா, இன்னும் இன்னாத்துக்குக் கண்ணத் தொடைச்சிக்கினு இருக்க?"

காஜா விசிறியை வேகமாக வீசினான். முதல் துண்டை ஊதி ஆற்றிக் கொடுத்தான். உப்பு சரி என்றாள். தொடை வெந்ததா பார் என்று இன்னொன்று. பிறகு இன்னொன்று. பசி அவளையும் அறியாமல் தின்ன வைத்தது. ஐந்து துண்டுகள் முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தான். அவன் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. கோழி என்றால் விடமாட்டாயே நீ, இன்றைக்கு என்ன வந்தது என்று அக்கா கேட்டாள்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது.

"ஜாபரு வந்துட்டான் போல. நெருப்ப வுட்டுடாதடா, அவனுக்குச் சூடா போட்டுக் குடுக்கலாம்," என்று பாத்திமுத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

காஜா குடத்தைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் கனல்மேல் கவிழ்த்தான். சாம்பல் பொங்கி அவன் சட்டையெல்லாம் படிந்தது.

"பாவி, இன்னாடா பண்ற?"

"மூணு நாளைக்கு இந்த வூட்டுல அடுப்பு எரியாதுக்கா," என்றான் காஜா.

மவுத்தான வீட்டில், சாவு விழுந்த வீட்டில்தான் மூன்று நாள் அடுப்பு எரியாது என்பது பாத்திமுத்துவுக்குத் தெரியும். வாசலில் வந்து நின்றது, மலைப்பாதை வளைவில் விழுந்த ஜாபரை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்த வண்டி. கடையைப் பூட்டிவிட்டு, காலையிலிருந்து இங்கே வரும்வரை காஜா அந்த ஆஸ்பத்திரியில்தான் நின்றிருந்தான்.