வாளிக்கு விழுந்த விரிசல்

மொட்டைமாடிப் பீங்கான் தொட்டிக்கு வயிறு எரிந்தது. கடை உரம் கொட்டியும் அதிலிருந்த ரோஜா பூக்கவேயில்லை. பக்கத்துப் பழைய பெயின்ட் வாளியிலோ, அரிசி கழுவிய தண்ணீரிலேயே தக்காளி காய்த்துக் குலுங்கியது. வீட்டுக்காரி பரிமளம் தினமும் வாளியிடம்தான் வந்து நின்றாள்.

“நீ உடைஞ்சு நாசமாப் போக!” என்றது தொட்டி.

“நான் என்னக்கா பண்ணேன்?” என்றது வாளி.

சித்திரை வெயிலில் வாளியின் அடியில் நிஜமாகவே விரிசல் விழுந்தது. பரிமளம் காய்ந்த ரோஜாவைப் பிடுங்கிவிட்டு, தக்காளிச் செடியைத் தொட்டிக்கு மாற்றினாள். அரிசித் தண்ணீரும் ஊற்றினாள். தொட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

“தண்ணி தேங்காது, மக்க வைக்க இதுதான் சரி. இனிமே உரத்துக்குக் காசு வேண்டாம்” என்று ஓட்டை வாளியை நிழலில் வைத்தாள். அன்றிலிருந்து காய்கறித் தோலோடு வேளாவேளைக்கு அதனிடம் வந்தாள்.

“பாவி, எனக்கு ஒரு விரிசல் விழக் கூடாதா?” என்று பொருமியது தொட்டி.