வீட்டில் மட்டும் ஓடும் குரல்

"உங்க குரல் எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடணுமா, உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டும் போதுமா?"

குரல் செய்து தரும் கடைக்காரர் கோமளாவிடம்தான் கேட்டார். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் பேச்சை இழந்திருந்த அவள் பதிலை எழுதுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"வீட்டோட போதும் தம்பி. வெளியில இவளுக்கு என்ன பேச்சு?"

"எல்லாத்துலயும் ஓடுறது கொஞ்சம் திணறும். இது தேனா இருக்கும்," என்றார் அவர். கணவன் தணிகை தலையாட்டினான்.

தேனாகத்தான் இருந்தது. அவள் உதட்டை அசைத்தால் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பேசியது.

எட்டு மாதம் கழித்து, வீங்கிய கன்னத்துடன் காவல் நிலையத்தின் கம்ப்யூட்டர் முன் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. நோட்டில் எழுதி வந்ததை நீட்டினாள்.

"இப்போல்லாம் எழுத்து செல்லாதும்மா. புகாரை உங்க குரல்லதான் பதியணும்," என்றார் பெண் காவலர். பிறகு மனம் இரங்கி, "வீட்ல மட்டும் ஓடுற குரலா? இருங்க, உங்க வீட்டு கம்ப்யூட்டரையே இதுல இணைச்சுத் தர்றேன். அப்போ பேச வரும்ல?" என்றார்.

கோமளா வேண்டாமென்று கையசைப்பதற்குள் திரையில் தணிகை தெரிந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கோமுவா? ஸ்டேஷனுக்கா போயிருக்க?" வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான். "சரி, சொல்லு. நானும் கேக்கறேன்."

"குரல் வந்துடுச்சும்மா," என்றார் காவலர். "தைரியமா சொல்லுங்க."

கோமளா நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.